அந்தப் பையனுக்குப் பெயர் என்ன?

ஞாயிற்றுக்கிழமை அடிலெய்டில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். வராதவர்களுக்கு வாட்ஸாப் குழுவில் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்லியிருப்பார்கள். அதனால் முழுக்கதையும் இங்கே பாடப் போவதில்லை. சுண்டல் செய்துகொண்டு வரச் சொன்னார்கள், கொண்டுபோனேன். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள், பேசினேன். 'கல்யாண வீட்டில் ஒப்பாரி வைத்தவர்' என்ற பட்டத்தோடு வீடு திரும்பினேன்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்தப் பையனுக்குப் பெயர் என்ன?

வெளியானது நம் அண்ணன் ஒருவர் எழுதிய 96 பக்கச் சிறுவர் சாகச நாவல். நாயகன் பன்னிரண்டு வயது ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சிறுவன். ஆம்பளையாக வேண்டுமென்றால் தன்னந்தனியாகப் பாலைவனத்தைக் கடந்து வர வேண்டும் என்று அவனை அனுப்பிவிடுகிறார்கள். வழியில் டிங்கோ என்ற காட்டு நாய் வருகிறது, மணற்புயல் வருகிறது, முதலையும் வருகிறது (பாலைவனத்தில்தான். அதைக்கூட நான் கேட்கவில்லை). கார் ரிப்பேராகி நிற்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான். அந்தக் குடும்பத்தில் நாலு பேர், நாலு பேருக்கும் பெயர் உண்டு. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் லாப்ரடாருக்கு 'பைரவா' என்று பெயர். காப்பாற்றுகிறவனுக்கு? 'காட்டுச் சிறுவன்'. சில இடங்களில் 'மண்ணின் மைந்தன்'. கடைசிப் பக்கத்தில் கழுகோடு கழுகாகக் கரைந்து போகிறான். குடும்பம் அடிலெய்டுக்கு வந்து சேர்ந்து பொங்கல் வைக்கிறது.

நாய்க்குப் பெயர் இருக்கிறது, பையனுக்கு இல்லையே அண்ணா என்றேன். அவ்வளவுதான்.

"பெயர் வைக்காததே ஒரு குறியீடும்மா. அவன் ஒரு ஆள் இல்ல, ஒரு இனத்தோட பிரதிநிதி" என்றார் அண்ணன். கைதட்டல். சரி, எந்த இனத்தின் பிரதிநிதி? 1788இல் வெள்ளைக்காரன் வந்து இறங்கியபோது இந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. பாலைவனத்து ஆள் வேறு, முர்ரே ஆற்றங்கரை ஆள் வேறு, வடக்கே ஆர்ன்ஹெம் நிலத்துக்காரர் வேறு. நம்மில் ஒருவரை யாராவது 'ஆசியச் சிறுவன்' என்று 96 பக்கம் எழுதினால் சும்மா இருப்போமா? கன்னியாகுமரிக்காரரையும் கோயம்புத்தூர்க்காரரையும் ஒரே தட்டில் வைத்தாலே சண்டைக்கு வருகிறவர்கள் நாம்.

அண்ணன் மனதறிந்து திருடினார் என்று நான் சொல்லவில்லை, அங்கேயும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதை இதற்கு முன்னால் எழுதப்பட்டுவிட்டது. 1959இல் டொனால்ட் பெய்ன் என்ற இங்கிலாந்துக்காரர், ஜேம்ஸ் வான்ஸ் மார்ஷல் என்ற புனைபெயரில் ஒரு நாவல் எழுதினார். விமானம் விழுந்து அனாதையாக நிற்கும் இரண்டு அமெரிக்கப் பிள்ளைகளை ஒரு பூர்வகுடிச் சிறுவன் தண்ணீர் காட்டி, சோறு காட்டி, வழி காட்டிக் காப்பாற்றுகிறான். கடைசியில் செத்துப் போகிறான். அந்தப் பிள்ளைகள் மேரி, பீட்டர். அவன் வெறும் புதர்க்காட்டுப் பையன். பின்னாளில் அந்தப் புத்தகத்தின் தலைப்பு 'வாக்அபௌட்' என்று மாறியது; அந்த வார்த்தையை உலகம் முழுக்கப் பரப்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1971இல் அது படமாக வந்தது. அந்தப் பையனாக நடித்தவர் டேவிட் குல்பிலில், யொல்ங்கு இனத்தவர், அப்போது பதின்வயது. படத்தின் எழுத்தோட்டத்தில் கதாபாத்திரத்தின் பெயர் 'கறுப்புப் பையன்'. சரி, கதாபாத்திரம்தானே என்று விட்டுவிடலாம். நடித்தவர் பெயரையாவது ஒழுங்காகப் போட்டார்களா? 'கம்பிலில்' என்று போட்டார்கள்.

ஐம்பது வருஷம் கழித்து, 2021இல், அவர் வாழ்க்கையைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. தலைப்பே 'என் பெயர் குல்பிலில்'. அந்த வருஷக் கடைசியில் இங்கிருந்து பக்கத்திலிருக்கும் முர்ரே பிரிட்ஜில் இறந்துபோனார். இதைத்தான் மேடையில் சொல்ல வாயெடுத்தேன். மைக்கை வாங்கிக்கொண்டு "நேரம் கருதி" என்றார்கள். நேரம் கருதியவர்கள் அதன்பிறகு பொன்னாடைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த 'வாக்அபௌட்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். கால்நடைப் பண்ணை முதலாளிகள் வாயில் புழங்கிய வார்த்தை அது. கூலிக்கு வைத்திருந்த பூர்வகுடி ஆள் நாலு நாள் காணவில்லை என்றால், எங்கேயோ சுத்தப் போயிட்டான் என்று அலுத்துக்கொள்வதற்கு. அவர் சடங்குக்குப் போயிருப்பார், சொந்தபந்தத்தைப் பார்க்கப் போயிருப்பார். அதைக் கேட்க முதலாளிக்கு ஏது பொறுமை? பையன்கள் பெரியவர்களாகும் சடங்கு உண்டுதான், இனத்துக்கு இனம் வேறுபடும். ஆனால் பொதுவாக அது மாமன்மார், தாத்தாமார் கூட இருந்து பாட்டையும் நிலத்தையும் முறையையும் சொல்லிக்கொடுப்பது. பிள்ளையைத் தனியாகக் காட்டில் விட்டுவிட்டு, பிழைத்தால் வா என்பதல்ல. தனியாகப் பிழைத்து வரும் 'சர்வைவல்' சோதனை எல்லாம் நம் கற்பனை.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: அசிங்கப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகனுடைய பிறந்தநாளுக்கு அவன் வகுப்புப் பையன் ஒருவன் வந்திருந்தான். பூர்வகுடிக் குடும்பம். நாய் என்றால் அலறுவான், ஃபுட்டி (இந்த ஊர்க் கால்பந்து) என்றால் உயிர், பொடி தோசை சாப்பிட்டுவிட்டு மூன்று டம்ளர் மோர் குடித்தான். அவனைக் கூட்டிப்போக அவன் பாட்டி வந்தார். நானும் பெரிய ஆர்வக்கோளாறோடு, காபியை நீட்டிக்கொண்டே கேட்டேன்: உங்க வழக்கப்படி இவனை எப்போ பாலைவனத்துக்கு அனுப்புவீங்க? சிரித்த முகத்தோடுதான் கேட்டேன், அதுதான் கொடுமை. அவர் காபியை ஒரு வாய் குடித்தார். "முதல்ல இவனைக் காலையில பஸ்ஸைப் பிடிக்கச் சொல்லு" என்றார். அப்புறம் நிதானமாக, "அது ஆம்பளைங்க சமாச்சாரம். எனக்கே சொல்ல மாட்டாங்க. உனக்கு எதுக்கு?" என்றார். நான் நின்ற இடத்திலேயே சுருங்கிப் போனேன். அந்தப் பாட்டி அதன்பிறகும் என்னோடு பேசுகிறார், அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் பூட்டியிருக்கிற ஓர் அறைக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே என்ன இருக்கிறது என்று 96 பக்கம் வர்ணிக்கிறவரைப் பார்த்தால் எனக்கு அந்தக் காபி டம்ளர்தான் ஞாபகம் வருகிறது.

"கற்பனைக்குப் பூட்டுப் போடுகிறார்" என்று என்னைப் பற்றிக் குழுவில் எழுதியிருக்கிறீர்கள். யார் போட்டது? எழுதுங்கள். ஆயிரம் பிரதி அடியுங்கள். ஒரு பெயர் வையுங்கள் என்றுதான் சொன்னேன். பெயர் வைக்க வேண்டுமென்றால் எந்த ஊர்க்காரன், எந்த மொழிக்காரன் என்று தெரிய வேண்டும். மொழி தெரிய வேண்டுமென்றால் யாரையாவது போய்க் கேட்க வேண்டும். அங்கேதான் இடிக்கிறது, இல்லையா?

"நாங்க இழிவா எழுதலையே, உயர்வாத்தானே காட்டியிருக்கோம்" என்பது அடுத்தது. ஆமாம், ரொம்ப உயர்வு. அவனுக்குப் பசிக்காது, பயம் வராது, அம்மா ஞாபகம் வராது, கழுகோடு பேசுவான். தமிழ்க் குடும்பத்துப் பையனுக்கு மட்டும் பாத்ரூம் வரும், அழுகை வரும், தங்கச்சியோடு சண்டை வரும். எவன் பிள்ளை, எவன் பொம்மை என்று படிக்கிற குழந்தைக்குப் புரியாதா?

"அப்படியென்றால் அவரவர் கதையை அவரவர்தான் எழுத வேண்டுமா?" நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். பாட்ரிஷியா ரைட்சன் என்ற வெள்ளைக்கார எழுத்தாளர் பூர்வகுடி இளைஞனை நாயகனாக்கி 1977 முதல் மூன்று நாவல்கள் எழுதினார், அவனுக்கு விர்ருன் என்று பெயர் உண்டு, 1986இல் அவருக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதும் கிடைத்தது. பின்னாளில் அவர்மேலும் விமர்சனம் வந்தது. இதற்கு என்னிடம் சுருக்கமான பதில் கிடையாது. ஆனால் நம் அண்ணன் ரைட்சன் இல்லை, அதனால் இந்த விவாதத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வோம்.

"சின்னப் புத்தகத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" 2024இல் பிரிட்டிஷ் சமையல்காரர் ஜேமி ஆலிவர் குழந்தைகளுக்கு ஒரு சாகச நாவல் எழுதினாரே, நினைவிருக்கிறதா? அதில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பூர்வகுடிச் சிறுமியை வில்லி கடத்திக்கொண்டு போவாள். அந்தச் சிறுமி பேசுவது கமிலராய் மொழி, நியூ சவுத் வேல்ஸ் பக்கத்து மொழி. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. மதுரைப் பெண்ணைப் பஞ்சாபி பேச வைத்த மாதிரி. இந்த நாட்டில் இரண்டு மூன்று தலைமுறைக்கு மேல் அரசாங்கமே பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது, 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அப்படிப்பட்ட மண்ணில் குழந்தை கடத்தல் சாகசமாகுமா? பூர்வகுடிக் கல்வி அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. ஆலிவர் மன்னிப்புக் கேட்டார், பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. உலகப் புகழ் பெற்ற ஆள், "தப்புதான்" என்றார். நம் ஆள் "பொறாமை" என்கிறார்.

பொறாமை! நான் வளர்ந்ததே முகமூடி வீரர் மாயாவி படித்துத்தான். காட்டையே ஆளும் வெள்ளைக்காரர், சுற்றிலும் விஷ அம்போடு குள்ளர்கள். தலைவன் குரனைத் தவிர ஒருத்தன் பெயரும் எனக்கு இன்றைக்கு நினைவில்லை. அந்தக் காமிக்ஸுக்காக அப்பா சட்டைப்பையில் காசு திருடியிருக்கிறேன். அதனால் யோக்கியம் பேசவில்லை. எனக்குள் போன விஷயம் என் மகனுக்குள்ளும் அப்படியே போக வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

கேள்வி நேரத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, பூமராங் நம் வளரிதான், இவர்கள் எல்லாம் குமரிக்கண்டத்துத் தமிழர்கள், ஆகவே நமக்கு எழுத உரிமை உண்டு என்று முடித்துவைத்தாரே, அதற்கும் கைதட்டினீர்கள். என் மகன் பள்ளியில் இந்த ஊர் மக்களான கார்னாக்களின் மொழியில் 'நீனா மர்னி' என்று நலம் விசாரிக்கப் படித்தான். 'நீனா' என்றால் நீ. நல்லவேளை, இதை நான் அங்கே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அடுத்த புத்தகம் ரெடியாகியிருக்கும். விழாத் தொடக்கத்தில் அந்த மக்களுக்கு மரியாதை செலுத்தும் வரியை வாசித்தவர் 'கௌர்னா' என்று வாசித்தார். ஐந்து வினாடி மரியாதை, அதிலும் பெயர் தப்பு.

ரொம்பப் பேசுகிறேன் என்று தெரிகிறது. ஆனால் 2023 அக்டோபரில், 'பூர்வகுடிகளின் குரல்' என்ற ஆலோசனை அமைப்பை அரசியல் சாசனத்தில் சேர்ப்பதா என்ற பொது வாக்கெடுப்பு நடந்தபோது இதே குழுவில் ஒரு தகவல் பகிர்ந்தேன். "நமக்கு எதுக்கு வம்பு, சமையல் குறிப்பு மட்டும் போடுங்க சிஸ்டர்" என்றவர்கள் யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாக்கெடுப்பு எல்லா மாநிலங்களிலும் தோற்றது. அன்றைக்கு வம்பாக இருந்தவர்கள் இன்றைக்கு அட்டைப்படத்தில் மண்ணின் மைந்தர்களாகிவிட்டார்கள்.

ஐம்பது டாலர் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பவர் டேவிட் உனைபோன், 1872இல் இந்தத் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் பிறந்த நாரிஞ்சேரி இன எழுத்தாளர். தன் மக்களின் கதைகளைத் திரட்டி எழுதினார். 1930இல் லண்டனில் புத்தகம் வந்தது, வில்லியம் ராம்சே ஸ்மித் என்ற அடிலெய்டு மருத்துவர் பெயரில். உனைபோன் பெயர் எங்கும் இல்லை. அவர் செத்தது 1967இல். அவர் பெயரோடு அந்தப் புத்தகம் வந்தது 2001இல். பெயர் சின்ன விஷயம் என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று உண்மையிலேயே கேட்ட இரண்டு பேருக்கு: பூர்வகுடிக் கவிஞர் ஊட்ஜரூ நூனுக்கல் 1972இல் தன் குழந்தைப்பருவத்தை எழுதியிருக்கிறார். ஸ்ட்ராட்ப்ரோக் தீவு, அண்ணன் தங்கைகள், கவண். சாப்பாட்டுக்கு மட்டும்தான் வேட்டை என்பது வீட்டுச் சட்டம், ஒருநாள் கூக்கபரா பறவை அடிபட்டுவிட, அப்பா எல்லாருக்கும் வேட்டையைத் தடை செய்துவிடுகிறார். சாகசம் இருக்கிறது, திட்டுகிற அப்பாவும் இருக்கிறார். புரூம் நகரில் 1987 முதல் இயங்கும் மகபலா என்ற பூர்வகுடிப் பதிப்பகத்தில் இன்னும் நிறைய கிடைக்கும். நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். காசுகூட வேண்டாம்.

என்னைக் குழுவிலிருந்து நீக்கியதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. காலையில் எழுந்து பார்த்தேன், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாகப் பொங்கல் விழாவுக்கு வெண்பொங்கல் யார் வைத்தது என்று யாரும் யோசிக்க வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். சுண்டல் கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கு அங்கேயே இருக்கிறது. யார் எடுத்து வைத்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடையாளம் தெரியவில்லை என்று சொல்ல முடியாது, மூடியில் என் அம்மா பெயர் வெட்டியிருக்கும்.