மழை மேலதானே, நாங்கள் கீழதானே

அன்ரி: மகன், இது உன்ரயோ? விடியப்புறம் லைற் போடாம மேல வந்தனான். கொடியில ஆரோ ஒரு ஆள் தொங்கிறான் எண்டு எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு.

நிரூ: ஐயோ சொறி அன்ரி. அது வெற்சூட்.

அன்ரி: என்ன சூட்?

நிரூ: வெற்சூட். கடலுக்குள்ள டைவ் பண்ணேக்க போடுறது. கொஞ்சத் தண்ணி உள்ள போய் உடம்போட ஒட்டி நிக்கும். அது எங்கட உடம்புச் சூட்டில வெதுவெதுப்பாகி, குளிர் தெரியாம...

அன்ரி: அப்ப எந்த நேரமும் ஈரமா இருக்கிறதுக்கெண்டே ஒரு உடுப்பு.

நிரூ: ஓம், அப்பிடியும் சொல்லலாம்.

அன்ரி: அதுக்குக் காசும் குடுத்தனியோ?

நிரூ: செக்கண்ட் ஹாண்ட் தான் அன்ரி.

அன்ரி: வியாழக்கிழமை தோச்ச என்ர பெட்சீற் இண்டைக்கு ஞாயிறு மட்டும் காயேல. அங்கிளின்ர சாரம் ரெண்டும் அப்பிடியே. என்னட்டக் கேட்டிருந்தா ஆறு வெற்சூட் சும்மா தந்திருப்பனே.

(ஜூன் மாதம், வெள்ளவத்தை, ஃபிளாட்டின்ர மொட்டைமாடி. நான் பக்கத்துக் கொடியில சேட் போட்டுக்கொண்டு நிண்டனான். ஒட்டுக்கேக்கேல. அன்ரி கதைச்சா மரைன் ட்ரைவில போறவனுக்கும் கேக்கும்.)

அன்ரி: நேற்று இரவு பதினொரு மணிக்கு உன்ர பாத்ரூமில தொம் தொம்மெண்டு சத்தம் கேட்டுது. அதுவும் இதுதானோ?

நிரூ: போட்டுப் பாத்தனான். சைஸ் கொஞ்சம் சின்னன். கழட்ட ஏலாமப் போச்சு. பேந்து ஷவரைத் திறந்துவிட்டு, தண்ணி உள்ள போனாப் பிறகுதான் வழுக்கிக்கொண்டு வந்தது.

அன்ரி: அங்கிள் 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடட்டோ எண்டு கேட்டவர். நான்தான் சொன்னனான், பெடியன் தனிய இருக்கிறான், ஏதும் கவலையாக்கும், விடுங்கோ எண்டு. சரி, எந்தக் கடலுக்கு?

நிரூ: ஹிக்கடுவை. அடுத்த வெள்ளி. மூண்டு நாள், ரெண்டு இரவு, நாலு டைவ். எவ்வளவு கழிவு தெரியுமோ? 60 வீதம்!

அன்ரி: இப்ப கடலுக்குள்ள 60 வீதம் கழிவுதான். ஆள் பொய் சொல்லேல.

நிரூ: அன்ரி, நான் விலைக்கழிவைச் சொல்லுறன்.

அன்ரி: நான் தண்ணியைச் சொல்லுறன். இஞ்ச வா. இந்தச் சுவரில ஏறி நிண்டு பார். அது என்ன?

நிரூ: கடல்.

அன்ரி: என்ன நிறம்?

நிரூ: ... பிளேன்ரீ.

அன்ரி: பால் விட்ட ரீ. அலை அடியில கிடக்கிற மணலையெல்லாம் கிளப்பிக்கொண்டு வருது. அவிசாவளைப் பக்கம் பெய்ற மழை களனி கங்கையால வந்து முகத்துவாரத்தில கடலுக்குள்ள விழுது. எங்கட வெள்ளவத்தை வாய்க்கால் வேற அதின்ர பங்குக்குக் குடுக்குது. இதுக்குள்ள நீ என்னத்தைப் பாக்கப் போறாய்?

நிரூ: ஹிக்கடுவை இஞ்சயிருந்து நூறு கிலோமீற்றர் தள்ளி அன்ரி.

அன்ரி: தள்ளித்தான். கடலுக்கு இடையில ஆரும் மதில் கட்டினவையோ? அதே காத்து, அதே அலை. ஆறு மட்டும்தான் வேற, அங்க கிங் கங்கை.

நிரூ: மார்ச்சில அங்கதானே கோர்ஸ் செய்தனான். கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஆமை ஒண்டு பக்கத்தில வந்து என்னைப் பாத்தது.

அன்ரி: மார்ச்சில பாத்த பொம்பிளையை ஜூனிலயும் அதே சாறியோட நிப்பா எண்டு போறியோ? ஆமை இப்பவும் பக்கத்தில வரலாம். வந்தது ஆமையோ, ஆரும் எறிஞ்ச சருவச்சட்டியோ எண்டு உனக்குத் தெரியாது, அவ்வளவுதான். உனக்கு வித்தவனிட்ட மழையைப் பற்றிக் கேட்டனியோ?

நிரூ: கேட்டனான். நல்ல பதில் சொன்னவர்.

அன்ரி: என்ன சொன்னவர்?

நிரூ: "மழை மேலதானே, நீங்கள் கீழதானே" எண்டார்.

(அன்ரி கிளிப்பை வாயில கடிச்சபடி கொஞ்ச நேரம் பேசாம நிண்டா. அந்த வசனத்தை நானும் கேட்டிருக்கிறன், வேற கடையில, வேற வாயால. ஒருவருசம் எங்கட ஓஃபிஸில எட்டுப் பேர் அதை நம்பிக் காசு கட்டி, மூண்டு நாளும் அறைக்குள்ள இருந்து கரம் விளையாடிப்போட்டு வந்தவை.)

அன்ரி: போட்டும் கீழயோ போகும்? கரையில இருந்து டைவ் பண்ணுற இடத்துக்கு உன்னை ஏத்திக்கொண்டு போறது மேலதானே? அந்தப் போட்டுக்காரன் இந்த அலைக்குள்ள இறக்குவானோ?

நிரூ: அதுக்கும் கேட்டனான். கடல் சரியில்லை எண்டா வவுச்சர் தருவினம்.

அன்ரி: காசு?

நிரூ: காசு தராயினம். வவுச்சர். ஒரு வருசத்துக்குப் பாவிக்கலாம்.

அன்ரி: அப்ப டிசம்பரில பாவி.

நிரூ: அதில ஒரு சின்ன வசனம் கிடக்கு. "நவம்பர் முதல் ஏப்ரல் வரை செல்லுபடியாகாது."

அன்ரி: எங்க, திருப்பிச் சொல்லு.

நிரூ: நவம்பர் முதல் ஏப்ரல் வரை.

அன்ரி: கடல் நல்லா இருக்கிற மாசம் எல்லாத்தையும் விரல்விட்டு எண்ணி எடுத்துப்போட்டு மிச்சத்தை உனக்குத் தந்திருக்கிறான். அந்த வவுச்சர் காயாது மகன். அதுவும் வெற்சூட்தான்.

நிரூ: இப்ப சீசன் இல்லாதபடியாத்தானே மலிவு அன்ரி.

அன்ரி: சீசன் இல்லாம ஏறினா தண்டம் கட்ட வேணும். அங்கிள் 31 வருசம் கோட்டைக்கு ரயிலில போனவர், கேட்டுப் பார்.

நிரூ: அது ரயில் சீசன் டிக்கெற் அன்ரி...

அன்ரி: எல்லாம் ஒண்டுதான். ரயிலில செக்கர் வருவான், கடலில சோளகக் காத்து வரும். மேயில தொடங்கினா செப்ரம்பர் மட்டும் மேற்குப் பக்கம் நிண்டு அடிக்கும். நீர்கொழும்பு, சிலாபத்துப் பக்கம் மீன் பிடிக்கிற ஆக்கள் என்ன செய்வினம் தெரியுமோ? சோளகம் துவங்க முந்தியே வள்ளம், வலை, சட்டிபானை எல்லாத்தையும் லொறியில ஏத்திக்கொண்டு கிழக்குப் பக்கம் போய் வாடி போடுவினம், கடற்கரையில தங்கிற கொட்டில். முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கமெல்லாம் பாக்கலாம். காத்து மாறத் திரும்பி வருவினம். அவையின்ரை போனில வானிலை அப் இல்லை.

நிரூ: என்ர அப்பில ஒரு முகிலும் ரெண்டு மழைத்துளியும் காட்டுது. நாளைக்கும் அதே படம். பத்து நாளைக்கும் அதே படம்.

அன்ரி: அப்ப அதாவது உண்மை சொல்லியிருக்கு. நீதான் படத்தைப் பாத்திட்டு விலையைப் பாத்தனி.

நிரூ: சரி, மாலைதீவு போனால்? ஒன்றரை மணித்தியாலத்தில மாலே. அதுவும் இப்ப விலை குறைவு.

அன்ரி: ஏன் குறைவு?

நிரூ: ... அங்கயும் இதே காத்துத்தான்.

அன்ரி: பாத்தியோ. இந்தக் காத்துக்கு விசா தேவையில்லை.

நிரூ: ஆனா அன்ரி, அங்க மழைக்காலத்திலதான் ஒரு விசயம் கிடக்கு. பா அட்டோலில ஹனிபாரு எண்டு ஒரு குடா. ஜூனில இருந்து நவம்பர் மட்டும் மன்ரா திருக்கையள் கூட்டமா வரும். காத்தும் நீரோட்டமும் பிளாங்க்ரன் எண்ட சின்னச்சின்ன உயிரெல்லாத்தையும் அந்தக் குடாவுக்குள்ள தள்ளிவிடும். அதைத் தின்னத்தான் வருகுது. ஒவ்வொண்டும் உங்கட பெட்சீற்றை விடப் பெரிசு!

அன்ரி: காஞ்சதோ?

நிரூ: அன்ரி!

அன்ரி: சரி சரி. நல்ல விசயம்தானே. போய்ப் பாரன். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கு.

நிரூ: அங்கதான் பிரச்சினை. ஹனிபாருவுக்குள்ள சிலிண்டரோட இறங்கத் தடை. மேல மிதந்து, மூச்சுக்குழாயால பாக்க மட்டும்தான் விடுவினம்.

அன்ரி: அப்ப அது திருக்கையின்ர சீசன். உன்ரயில்லை. இந்த ரப்பர் மனிசனை ஏன் வாங்கினனி? மிதக்கிறதெண்டா அங்கிளின்ர பெனியன் காணும்.

(இதுக்குப் பிறகு ஒரு பத்து நிமிசம் பெனியனைப் பற்றியே போனது. அதை விடுறன்.)

அன்ரி: உனக்கு உண்மையாத் தெளிஞ்ச தண்ணி வேணுமோ? இண்டைக்கு இரவு பஸ் ஏறு. விடியத் திருகோணமலை. நிலாவெளியில இறங்கு. கரையில இருந்து ஒரு கிலோமீற்றரில புறாத்தீவு. நீ எட்டாம் வகுப்புப் புத்தகத்தில படிச்ச பவளப்பாறை அங்க இடுப்பளவு தண்ணியிலயே கிடக்குது. சின்னச் சுறாக் குஞ்சுகள் காலுக்குள்ளால ஓடும். 2003இல தேசியப் பூங்காவாக்கினது.

நிரூ: திருகோணமலையா?

அன்ரி: ஏன் இழுக்கிறாய்?

நிரூ: இல்லை... அது அம்மாவோட போற இடமெல்லோ. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, பேந்து ரோட்டில நிண்டு மான் பாக்கிறது. அங்க போய் டைவிங் எண்டு படம் போட்டா ஓஃபிஸில சிரிப்பினம்.

அன்ரி: ஆர்தர் சி. கிளார்க் எண்டு ஒருத்தர் கொழும்பில இருந்தவர், தெரியுமோ?

நிரூ: தெரியும், விஞ்ஞானக் கதை எழுதினவர்.

அன்ரி: அந்த மனிசனும் மைக் வில்சன் எண்ட கூட்டாளியும் 1956இல உன்ர அம்மா அர்ச்சனை செய்த அதே மலைக்குக் கீழதான் மூழ்கிப் பாத்தவை. போர்த்துக்கேயன் இடிச்சுத் தள்ளின பழைய கோயிலின்ர தூணுகள் கடலுக்கடியில கிடந்ததைக் கண்டவை. இங்கிலாந்தில பிறந்த மனிசனுக்கு அது டைவிங். வெள்ளவத்தையில இருக்கிற உனக்கு அது அம்மாவோட போற இடம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. அவ மேல கும்பிடட்டும். நீ கீழ தூணைப் பார்.

நிரூ: இப்ப மழை இல்லையோ அங்க?

அன்ரி: (கூடையைக் கீழ வைக்கிறா) இந்தக் கேள்விக்காகத்தான் மகன் நான் இருபது வருசமாக் காத்துக்கொண்டிருக்கிறன். கொழும்பில ரோட்டில வெள்ளம் நிண்டா நாடு முழுக்க மழை. கொழும்பில வெயில் அடிச்சா நாடு முழுக்க சீசன். டிசம்பரில வாடைக்காத்து துவங்கித் திருகோணமலையில எங்கட வீட்டு அடுப்புக்குள்ள தண்ணி வரேக்க, இஞ்ச ஹொட்டேல்காரர் "சீசன் வந்திட்டுது" எண்டு லைற் கட்டினவை. நான் போன் எடுத்து அழுறன், கொழும்பில இருந்த என்ர தங்கச்சி சொல்லுறாள், "அக்கா, இஞ்ச நல்ல வெயில், வாங்கோவன்" எண்டு. இப்ப ஜூன். அங்க கடல் கோப்பையில ஊத்தின மாதிரி அசையாமக் கிடக்கும். எங்கட கடலுக்கு இதுதானடா சீசன்!

நிரூ: கோவிக்காதேங்கோ அன்ரி. கிழக்கில எனக்குப் பாக்க ஆசை ஒண்டு கிடக்குத்தான். ஹேர்மிஸ். மட்டக்களப்புக் கடலுக்குள்ள தாண்டு கிடக்கிற விமானந்தாங்கிக் கப்பல்.

அன்ரி: தெரியும். 1942 ஏப்ரல் 9. அண்டைக்குக் காலமை திருகோணமலையில யப்பான்காரன் குண்டு போட்டவன். அம்மம்மா சோத்துப் பானையோட காட்டுக்குள்ள ஓடினவ. பானையை விடேல. பேந்து அங்கால தெற்க வைச்சு அந்தக் கப்பலையும் தாட்டவன். எத்தினை ஆழத்தில கிடக்கு?

நிரூ: அம்பது மீற்றருக்கு மேல.

அன்ரி: உன்ர சேர்ட்டிபிக்கேற்றில எத்தினை போட்டிருக்கு?

நிரூ: பதினெட்டு.

அன்ரி: மிச்சத்துக்கு என்ன செய்வாய்? குனிஞ்சு பாப்பியோ?

நிரூ: சரி, புறாத்தீவு. ஆனா அங்க எனக்கு ஆரையும் தெரியாது அன்ரி. ஹிக்கடுவையில எண்டா எனக்குப் படிப்பிச்ச மாஸ்டர் இருக்கிறார். நல்ல மனிசன். அவரிட்டயே கேட்டிட்டு முடிவெடுப்பம்.

(போன் எடுக்கிறான். சிங்களத்தில கதைச்சது. எங்களுக்கு இந்தப் பக்கம்தான் கேட்டது.)

நிரூ: ஹலோ மாஸ்டர், நான் நிரூ, மார்ச்சில வந்தனே... ஓம், அந்தக் கண்ணாடிக்குள்ள தும்மினவன்தான்... அடுத்த வெள்ளி அங்க வாறன்... எந்த அங்கயோ? ஹிக்கடுவைக்கு... பூட்டியோ?... எப்ப?... ஏப்ரல் கடைசியிலயோ?... சிலிண்டர் எல்லாம்?... போட்டும்?... அப்ப இப்ப எங்க நிக்கிறீங்கள்?... எங்க?

(போனைக் கீழ வைச்சான். அன்ரி ஒண்டும் கேக்கேல. பெட்சீற்றின்ர முனையைப் பிழிஞ்சுகொண்டு நிண்டா. சொட்டுச் சொட்டாத் தண்ணி விழுந்தது.)

நிரூ: நிலாவெளியில.

அன்ரி: ஆர்?

நிரூ: மாஸ்டர். சாமானெல்லாம் ஏத்திக்கொண்டு போயிட்டாராம். ஒவ்வொரு வருசமும் அப்பிடித்தானாம். செப்ரம்பர் மட்டும் அங்கதானாம்.

அன்ரி: வாடி போட்டிருக்கிறார்.

நிரூ: அப்ப எனக்கு ஹிக்கடுவையில ஆர் டைவ் பண்ணக் காட்டுறது?

அன்ரி: உனக்கு வித்தவன்தான். அவன் மேல நிப்பான், நீ கீழதானே.

நிரூ: நிலாவெளியில தண்ணி எப்பிடி எண்டு கேட்டனான். மேல போட்டில இருந்து பாக்க அடி மணல் தெரியுதாம் அன்ரி.

அன்ரி: எனக்கேன் சொல்லுறாய்? நான் அதுக்குள்ள குளிச்சு வளந்தவள். கட்டின காசை என்ன செய்யப் போறாய்?

நிரூ: வவுச்சரா எடுக்கிறன். ஆருக்காவது கலியாணத்துக்குக் குடுக்கலாம்.

அன்ரி: உனக்குப் பிடிக்காத ஆக்களின்ர கலியாணமாப் பார்.

நிரூ: உங்கட பக்கத்தில நிக்க நல்ல இடம் ஒண்டு... ஐயோ, மழை! மழை!

(நிரூ பாய்ஞ்சு போய் வெற்சூட்டைக் கொடியில இருந்து இழுக்கிறான். கிளிப் நாலும் தெறிச்சு என்ர காலடியில விழுது.)

அன்ரி: எட, அதை ஏன் எடுக்கிறாய்! அது நனையத்தானே கிடக்கு! என்ர பெட்சீற்றைப் பிடியடா!