பயிற்சி பிள்ளைக் காம்பராவுக்கு வரட்டும்

அக்கா மகனுக்கு ஓட்டிசம், அதாவது பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறு விதமாக வளரும் நிலை, என்று மூன்று வயதில்தான் சொன்னார்கள். அதுவரை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லாரும் "ஆம்பளப் பிள்ளை, பேச்சு லேட்டாத்தான் வரும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

மாதம் ஒரு கிளினிக். அன்று அக்கா மலைக்குக் கொழுந்து எடுக்கப் போக முடியாது, பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை. பஸ் காசு வேறு. அவ்வளவும் கொடுத்துப் போனால் இருபது நிமிடம் பார்ப்பார்கள். கையில் தந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நாலாவது மாதம் அக்கா போகவில்லை. அடுத்த முறை போனபோது, தாய் ஒத்துழைப்பதில்லை என்று கொப்பியில் எழுதினார்கள். அந்த வரி இன்னும் எனக்கு ஆறவில்லை.

திட்டம் போடுகிறவர்கள், தோட்டத்துப் பிள்ளையின் பகல் எங்கே கழிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தாய்மார் வேலைக்குப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில், இல்லாவிட்டால் அம்மாயியிடம் (பாட்டியிடம்). அப்படியானால் பழக்க வேண்டியது காம்பரா உத்தியோகத்தரையும் அம்மாயியையும்தான்.

இது நடக்காத காரியம் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் பராமரிப்பாளர் பயிற்சி இப்படித்தான் அமைந்திருக்கிறது. வளர்ச்சியில் தாமதம் உள்ள 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு 9 குழு வகுப்பு, 3 முறை வீட்டுக்கே வந்து பார்ப்பது. நடத்துகிறவர் விசேட வைத்தியராக இருக்கத் தேவையில்லை. விளையாட்டு, சாப்பாடு, குளியல் என்று அன்றாட வேலைகளுக்குள்ளேயே பேச்சையும் பழக்கத்தையும் வளர்க்கிறார்கள்.

கண்டுபிடிப்பதையும் இங்கேயே தொடங்கலாம். நகரத்தை ஒட்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளைப் பார்த்து, 2009இல் வெளியான இலங்கை ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்றது. மலையில் நிறை பார்க்கும் நாளிலேயே குடும்பநல மிஸ் (மருத்துவிச்சி) இரண்டு கேள்வி கேட்கலாமே: பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் காட்டுகிறானா?

அப்புறம் படங்கள். கிளினிக் அட்டைகளில் கப்பலும் அப்பிளும் இருந்தன. எங்கள் பையனுக்குப் பிடித்தது கொழுந்து நிறுக்கும் தராசு. காம்பரா அக்கா அதைப் போனில் படம் எடுத்து, அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். சாப்பாடு, தூக்கம், பிறகு தராசு என்று வரிசையாக. தகரத்தில் மழை விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். இப்போது அந்தச் சுவருக்குப் போய்த் தராசைத் தொட்டுக் காட்டுகிறான். இரண்டு வாரத்துக்கு முன் "தாசு" என்றான். அக்கா அழுதுவிட்டாள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1996இல் வந்தது. அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை நாடு 2016இல் ஏற்றது. அந்த உரிமை தமிழில், எங்கள் லயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் கிடைக்க வேண்டும். வகுப்பை ஞாயிறு பின்னேரம் வையுங்கள். கொழுந்து எடுக்கும் நாளில் வைத்துவிட்டு, தாய் வரவில்லை என்று எழுதாதீர்கள்.