ஔவையின் கேலிக்கு ஒன்றரை மதிப்பெண்

"வஞ்சப்புகழ்ச்சி அணியைச் சான்றுடன் விளக்குக." இந்தக் கேள்வியை எந்த வினாத்தாளில் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏன் என்று சொல்கிறேன். இதற்குப் பதில் எழுத ஓர் அச்சு வைத்திருக்கிறார்கள். முதலில் இலக்கணம்: புகழ்வது போலப் பழிப்பதும், பழிப்பது போலப் புகழ்வதும். அடுத்து சான்று: "தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்." கயவர்களும் தேவர்களைப் போன்றவர்கள்தான், அவர்களும் மனம் போனபடி நடப்பதால் என்கிற குறள். அப்புறம் விளக்கம், கடைசியில் அணிப்பொருத்தம். எல்லாத் தலைப்புக்கும் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு. நோட்ஸில் இருக்கிற வரி அப்படியே விழுந்தால் முழு மதிப்பெண். வள்ளுவருக்கு யார் மேல் இத்தனை கோபம், நேராகத் திட்டத் தெரிந்த மனிதர் ஏன் இப்படிச் சுற்றி வந்து அடிக்கிறார் என்று எந்த வகுப்பிலும் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

கயமை அதிகாரத்தின் பத்துக் குறளையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். பொருட்பாலின் கடைசி அதிகாரம் அது. அரசன், அமைச்சு, நாடு, படை, நட்பு என்று 69 அதிகாரங்கள் நிதானமாகப் பேசிக்கொண்டு வந்தவர், முடிக்கிற இடத்தில் இந்த ஆட்களின் முன்னால் வந்து நிற்கிறார். பார்ப்பதற்கு அச்சு அசல் மனிதர்களாகவே இருக்கிறார்கள், இப்படி ஓர் ஒற்றுமையை நான் கண்டதே இல்லை என்று முதல் குறளில் ஆரம்பிக்கிறார். நல்லது தெரிந்தவர்களைவிட இவர்கள் கொடுத்து வைத்தவர்கள், நெஞ்சில் ஒரு கவலையும் கிடையாதே என்கிறார் அடுத்ததில். மூன்றாவதாகத்தான் தேவர் குறள் வருகிறது. போகப் போகச் சூடு ஏறுகிறது. கரும்பை நசுக்குவது போல நசுக்கினால்தான் இவர்களால் பயன் என்று எட்டாவதில் கையை ஓங்கியே விடுகிறார். பத்தாவதில், ஒரு துன்பம் வந்தால் சட்டென்று தங்களையே விற்றுவிடுவார்கள், வேறு எதற்குத்தான் இவர்கள் ஆவார்கள் என்று முடிக்கிறார். இப்படி ஏறி ஏறிப் போகிற ஒரு கோபத்திலிருந்து மூன்றாவது குறளை மட்டும் பிடுங்கி எடுத்து, அணி இலக்கணத்துக்குச் சான்று என்று எங்கள் கையில் கொடுக்கிறார்கள். மற்ற ஒன்பதும் எங்கே என்று கேட்டால், தேர்வுக்கு இது போதும் என்கிறார்கள்.

அந்த ஒரு குறளையாவது முழுதாகப் படிக்க விடுகிறார்களா? கயவர்களை அது அடிப்பது எல்லோருக்கும் தெரிகிறது. தேவர்களையும் ஒரு தட்டு தட்டுகிறதே, அது? கேட்பார் இல்லாமல் நினைத்ததைச் செய்கிறவர்கள் என்பதுதானே இரண்டு பேருக்கும் பொது? வகுப்பில் எழுந்து இதைக் கேட்டேன். "அதெல்லாம் கொஸ்டினில் வராது, உட்கார்" என்று பதில் வந்தது. பரிமேலழகரே தம் உரையில், தேவர்கள் தம்மை நியமிப்பார் இல்லாமல் விரும்பியதைச் செய்கிறவர்கள் என்ற கருத்தைச் சேர்த்துத்தான் விளக்குகிறார். அத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு உரைகாரர் தொட்டுக் காட்டிய இடத்தை, இன்று வகுப்பில் ஒரு மாணவன் தொட்டால் நேர விரயம்.

இதையாவது பொறுத்துக்கொண்டேன். ஔவையார் விஷயத்தில் என்னால் முடியவில்லை.

புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி அனுப்ப, தொண்டைமானிடம் தூது போகிறார் ஔவை. போர் மூளும் நேரம். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். எதற்குக் காட்டுவான்? பார்த்து மிரண்டுபோய் உன் ராஜாவிடம் சொல் என்றுதான். எதிரியின் ஊரில், அவன் ஆயுதங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அந்த அம்மா வாயைத் திறக்கிறார். "இவ்வே, பீலி அணிந்து மாலை சூட்டி..." உன் வேல்கள் மயிற்பீலி வைத்து, மாலை போட்டு, காம்பைச் செம்மை செய்து, நெய் தடவி, காவல் உள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. எங்கள் ஆளின் வேல்கள் பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து, கொல்லன் பட்டறையின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன. அவ்வளவுதான் சொல்கிறார். ஒரு வசைச் சொல் இல்லை. தொண்டைமானால் கோபப்படவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இதற்கு நோட்ஸ் சொல்கிற விடை: தொண்டைமானைப் புகழ்வது போல இகழ்ந்து, அதியமானின் வீரத்தைப் புகழ்கிறார். சரி, தப்பில்லை. ஆனால் பாட்டு அங்கே முடியவில்லையே! "உண்டாயின் பதங்கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும்" என்று பின்பாதி போகிறது. இருந்தால் எல்லோருக்கும் சோறு போடுவான், இல்லாவிட்டால் இருப்பதை அவர்களோடு உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிடுவான், இல்லாதவர்களின் சுற்றத்துக்குத் தலைவன் என்கிறார். வேலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் ஏன் திடீரென்று சோற்றுக்கு வருகிறார்? ஒருவன் ஆயுதத்தைக்கூட அலங்கரித்துக் காவல் போட்டு அடைத்து வைக்கிறான். இன்னொருவன் எதையும் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை, வேலும் தேய்கிறது, சோறும் தீர்கிறது. தொண்டைமானுக்குப் போர்ப் பழக்கம் இல்லை என்பதோடு ஔவை நிறுத்தவில்லை. பூட்டி வைக்கிற அவன் புத்தியையே கேலி செய்கிறார். போர் என்று வந்தால் யாருக்காக மக்கள் உயிரைக் கொடுப்பார்கள் என்று கேட்காமல் கேட்கிறார்.

திருப்புதல் தேர்வில் இதைத்தான் எழுதினேன். பாட்டின் வரிகளை மேற்கோள் காட்டித்தான் எழுதினேன். நான்கு மதிப்பெண் கேள்விக்கு ஒன்றரை. ஓரத்தில் சிவப்பு மையில், "விடைக்குறிப்பில் இல்லை." எழுதியது தவறு என்று அடித்திருந்தால் மறுபடி யோசித்திருப்பேன், வாதாடியிருப்பேன். பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை, குறிப்பில் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். விடைத்தாளை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "நீ சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொதுத்தேர்வில் திருத்துகிறவர் கீயைப் பார்த்துத்தான் போடுவார், சென்டம் வேண்டாமா உனக்கு?" என்றார் ஆசிரியர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. போர்ஷன் முடிக்க வேண்டும், ரிசல்ட் காட்ட வேண்டும், அவர் கழுத்திலும் கத்தி இருக்கிறது. ஆனால் நன்றாக இருக்கிற ஒரு விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று ஒரு தமிழ் ஆசிரியரே சொல்ல வேண்டிய நிலையை யார் உண்டாக்கினார்கள்? அவர்கள் மேல்தான் கோபம்.

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்துக்கென்று, அதாவது வசையாகப் பாடுவதற்கென்று, இடம் ஒதுக்கியிருக்கிறார். வெளிப்படையாகச் சொன்னால் செம்பொருள் அங்கதம், மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. இதுவும் எங்களுக்கு ஒரு மதிப்பெண் வினா. அங்கதம் எத்தனை வகைப்படும்? இரண்டு. அடுத்த கேள்வி.

காளமேகப் புலவர் கதை இன்னும் மோசம். "வசை பாடக் காளமேகம்" என்று தனிப்பாடலே பெயர் வாங்கித் தந்த ஆள். அவரிடமிருந்து எங்களுக்கு நடத்துவதோ பாம்பும் எள்ளும், கீரைப்பாத்தியும் குதிரையும். ஒரே பாட்டு இரண்டு பொருள் தருகிற இரட்டுற மொழிதலுக்கு நல்ல சான்றுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் வசை எங்கே? நூலகத்தில் தனிப்பாடல் திரட்டை எடுத்துப் பார்த்துத்தான் காத்தான் சத்திரம் பாட்டு எனக்குக் கிடைத்தது.

"கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்."

பொழுது சாயும்போதுதான் அரிசியே வருமாம். குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் தூங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். பசியோடு உட்கார்ந்திருந்தவனின் வயிற்றெரிச்சல் நாலே வரியில் அப்படியே இருக்கிறது. காத்தான் வருத்தப்பட, பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வரும், சமைத்தால் ஊர்ப்பசி அடங்கும், சோற்றின் வெண்மைக்கு வெள்ளியே ஈடாகாது என்று அதே பாட்டுக்குப் புகழாகப் பொருள் சொன்னார் என்று கதையும் உண்டு. மத்தியான இடைவேளை முடிந்து ஐயா வருவதற்குள் இதைப் பக்கத்துப் பெஞ்சுக்காரர்களுக்குப் படித்துக் காட்டினேன். தமிழ்ப் புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிறவன்கூட விழுந்து விழுந்து சிரித்தான், "டேய், நம்ம ஹாஸ்டல் மெஸ்டா இது" என்றான். அவனுக்கு யாரும் அணிப்பொருத்தம் சொல்லித் தரவில்லை. பாட்டு நேராக அவன் தட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ஐயா, "தமிழ் வகுப்பில் என்ன சிரிப்பு?" என்று எங்கள் மூன்று பேரையும் எழுப்பி நிறுத்தினார். வகுப்பு முடியும்வரை நின்றோம். சிரிக்க வைக்கப் பாடிய பாட்டுக்குச் சிரித்ததற்குத் தண்டனை. இதை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன்.

சிரிப்பைப் பார்த்து ஏன் இவ்வளவு பயம் என்று பல நாள் யோசித்தேன். போன வருடம் ஒரு பேச்சுப் போட்டியில் எனக்குப் பதில் கிடைத்தது. பாரதியாரின் "நடிப்புச் சுதேசிகள்" எல்லோருக்கும் தெரியும். "நெஞ்சில் உரமுமின்றி நேர்மைத் திறமுமின்றி வஞ்சனை சொல்வாரடீ, கிளியே, வாய்ச்சொல்லில் வீரரடி." மேடையில் சுதேசி பேசிவிட்டு வீட்டில் வேறு மாதிரி இருந்தவர்களைப் பார்த்து, தன் காலத்தில், தன் கூடவே இருந்தவர்களைப் பார்த்துப் பாடியது. ஏறி வந்தவர்கள் எல்லோரும் இதை முழங்கினார்கள், கைதட்டல் பறந்தது. எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும், பாடி முடித்துவிட்டு, நம் பள்ளி வாசலில் மழைக்குக் குளமாகிற சாலையைச் சரிசெய்து தருவதாக இதே மேடையில் நின்று வாக்குக் கொடுத்தவர்களைப் பார்த்துப் பாரதி இன்று இதைப் பாடுவார் என்றாள். அப்படி வாக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் அன்றும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உடனே மணி அடித்துவிட்டார்கள். அவள் பேச இன்னும் நேரம் பாக்கி இருந்தது. பரிசு, அதே பாட்டை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்த வேறொருவருக்குப் போனது.