ரயில் வந்ததும் கப்பல் நிற்கவில்லை
1877-ல் அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள யூமா ஊருக்கு ரயில் வந்ததோடு கொலராடோ ஆற்று நீராவிக் கப்பல்களின் கதை முடிந்தது என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. முடிந்தது யூமாவுக்குக் கீழே கடல்வரையிலான பாதி மட்டும்தான். அதுவரை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கடல் சுற்றி கலிபோர்னியா வளைகுடா முகத்துவாரத்துக்கு வந்த சரக்கு, அப்புறம் யூமாவில் ரயிலிலிருந்தே கப்பலேறியது. ஆற்றின் மேல்பக்கம் நெவாடாவிலுள்ள எல்டொராடோ பள்ளத்தாக்குச் சுரங்கங்களுக்கு ஆறுதான் வழி. 1883-ல் யூமாவுக்கு மேலே ஆற்றங்கரையிலுள்ள நீடில்ஸ் ஊருக்கு ரயில் வந்தபோதுகூட மிச்சத் தூரத்துக்குப் படகு தேவைப்பட்டது. யூமாவுக்கு மேலே 1909-ல் லகூனா அணை கட்டித்தான் ஆற்றை மறித்தார்கள். இன்னொன்று, எரிபொருள் பற்றிக் கட்டுரை மூச்சே விடவில்லை. கரையோர மரங்களை வெட்டி அடுக்கி வைத்ததில் பெரும்பகுதி கோக்கோப்பா, மொஹாவே பழங்குடியினரின் உழைப்பு. போன வருடம் அந்த எல்டொராடோ பள்ளத்தாக்கிலுள்ள டெக்காட்டிக்கப் சுரங்கத்துக்குள் போனேன். வெளியே அனல், உள்ளே சில்லென்று இருந்தது. பிறகு பள்ளத்தாக்கு ஆற்றைத் தொடும் நெல்சன்ஸ் லேண்டிங் பக்கம் இறங்கினால் கப்பல் நின்ற துறையே இல்லை. டேவிஸ் அணையால் உண்டான மொஹாவே ஏரிக்கு அடியில் கிடக்கிறதாம். நான் பார்த்தது பச்சைத் தண்ணீரும் இரண்டு கயாக் படகுகளும்தான்.