பண்ணை மீனின் பழக்கம் பிறவிக் குணமா?

"பண்ணையில் வளர்த்து ஆற்றில் விடும் மீன், அங்கே ஒளியத் தெரியாமல் நீரின் மேல்மட்டத்திலேயே சுற்றுவது பிறவிக் குணம், வளர்ப்பு முறையை மாற்றிப் பயனில்லை" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஸ்டீல்ஹெட் டிரவுட்டில் (கடலுக்குப் போய் முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ஒரு மீன்) பண்ணையில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் விட்ட பிறகான இனப்பெருக்கத் திறன் சுமார் 40% குறைவதாக 2007ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் வளர்ப்புத் தொட்டியைக் கொஞ்சம் பாருங்கள். வழவழப்பான வெறும் சுவர், ஒதுங்க ஒரு கல்கூடக் கிடையாது. தீனி தினமும் மேலிருந்து விழுகிறது. தலைக்கு மேல் நிழலாடினால் சாப்பாடு வருகிறது என்றுதான் அந்தக் குஞ்சு கற்றுக்கொள்கிறது. ஆற்றில் அதே நிழல் மீன்கொத்தியுடையதாக இருக்கலாம்!

கல், செடி, மறைவிடம் வைத்த தொட்டியில் வளர்ந்த சால்மன், காட் (cod என்ற கடல் மீன்) குஞ்சுகள் வெறும் தொட்டிக் குஞ்சுகளிலிருந்து வேறுபட்டு நடப்பதைப் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். புது இடத்தை ஆராய்வது, மறைவிடத்தைப் பயன்படுத்துவது இரண்டிலும் வித்தியாசம் தெரிந்தது. அதற்காக நாலு கல்லைப் போட்டால் பிழைத்துவிடும் என்றும் சொல்லவில்லை. ஆற்றில் விட்ட பிறகு பிழைக்கும் விகிதம் எல்லாச் சோதனையிலும் கூடவில்லை.

அப்புறம், சால்மன் கடலிலிருந்து முட்டையிடத் திரும்பி வரும் ஆற்றின் வாசனையைக்கூட இளவயதில்தான் மனதில் பதித்துக்கொள்கிறது. அதுவும் வளர்ந்த தண்ணீரைப் பொறுத்ததுதானே?