செப்டம்பர் 5 அன்னை தெரசா பிறந்தநாள் அல்ல

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா நாட்களில், சென்னை கத்தோலிக்கப் பங்கு மக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பகிர்வு சுற்றுகிறது: 'கொல்கத்தாவில் பிறந்த அன்னை தெரசாவுக்கு இன்று, செப்டம்பர் 5, பிறந்தநாள்.' இரண்டுமே தவறு.

அன்னை பிறந்தது 1910 ஆகஸ்ட் 26-ல், இன்று வடக்கு மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேவில். மறுநாள் ஞானஸ்நானம் பெற்றார். செப்டம்பர் 5 அவருடைய நினைவு நாள். 1997-ல் அன்றுதான் கொல்கத்தாவில் காலமானார். அதனால்தான் ஐ.நா. அந்த நாளை உலக அறக்கொடை தினமாக அறிவித்தது. திருச்சபையில் அவருடைய திருநாளும் அதுவே.

ஆசிரியர் தினத்தோடு சேர்ந்து வருவதால் குழப்பம் வந்திருக்கலாம். ஆனால் அன்று பிறந்தவர் நம் திருத்தணி ராதாகிருஷ்ணன். அன்னையும் ஆசிரியைதான். கொல்கத்தா எண்டாலி புனித மரியாள் பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தி, தலைமை ஆசிரியையாகவும் இருந்தார். அந்தப் பாதுகாப்பான வாழ்வை விட்டுவிட்டு 1948-ல் சேரிக்குப் போனதுதான் என்னை இன்றும் அசைக்கிறது. அவர் தொடங்கிய அன்பின் பணியாளர் சபை (Missionaries of Charity) 1950 அக்டோபர் 7-ல் அங்கீகாரம் பெற்றது.

வாடிகன், நோபல் பரிசு இணையதளங்களில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பகிர்வு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்ப வேண்டாம். அனுப்பியவரிடம் சரியான தேதியை அன்பாகச் சொல்லுங்கள்.