அக்கா பையன் சொன்னான்

(சென்னை ரிச்சி தெரு. மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. மேசைமேல் ஒரு ஹார்ட் டிஸ்க்; மகள் கல்யாண வீடியோ அதற்குள்.)

கடைக்காரர்: இந்தச் சத்தம் எத்தனை நாளாக வருகிறது சார்?

வந்தவர்: மூன்று நாளாக, தம்பி. டிக், டிக். பல்லி சொல்கிறது, நல்ல சகுனம் என்றார் அம்மா.

கடைக்காரர்: மூன்று நாளும் ஓட விட்டீர்களா?

வந்தவர்: ஒரு தடவையாவது திறக்காதா என்றுதான்.

கடைக்காரர்: உள்ளே வீடியோ பதிந்திருக்கிற தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், தட்டைப் படிக்கிற ஹெட் மிதக்கவேண்டும். அது கெட்டுத் தட்டில் உரசினால், நீங்கள் ஆன் பண்ணுகிற ஒவ்வொரு தடவையும் மகள் கல்யாணத்தைச் சுரண்டி எடுக்கும்.

வந்தவர்: அதனால்தான் ஃப்ரீசரில் வைத்தோம்.

கடைக்காரர்: யார் சொன்னது?

வந்தவர்: அக்கா பையன். இன்ஜினியரிங், மூன்றாம் வருஷம்.

கடைக்காரர்: வெளியே எடுத்ததும் உள்ளே வேர்த்திருக்குமே!

வந்தவர்: உடனே அரிசிப் பானையில் போட்டுவிட்டோம்.

கடைக்காரர்: அதுவும் அக்கா பையனா?

வந்தவர்: இல்லை, அக்கா.

கடைக்காரர்: புழுங்கலா, பச்சையா? சரி விடுங்கள். மூடியில் ஒரு திருகைக் காணோமே?

வந்தவர்: திறந்து பார்த்தான். தூசி இருக்கும் என்று லேசாக ஊதிவிட்டு...

கடைக்காரர்: வாயாலா? ஒரு தூசி விழக்கூடாது என்று இதைத் திறக்கத் தனி அறையே வைத்திருக்கிறார்கள் சார்!

வந்தவர்: மூன்றாம் வருஷம்தானே, தம்பி. அந்த அறைப் பாடம் நாலாம் வருஷம் வருமோ என்னவோ. எவ்வளவு ஆகும்?

கடைக்காரர்: இதே மாடலில் இன்னொன்றைத் தேடிப் பிடித்து, அதன் ஹெட்டை இதில் மாற்றவேண்டும். முப்பதாயிரம் பக்கம் வரும். கிடைக்கும் என்று உறுதியும் தரமுடியாது.

வந்தவர்: புது டிஸ்க்கே ஐயாயிரம்தானே!

கடைக்காரர்: தாராளமாக வாங்குங்கள். அதில் கல்யாணம் இருக்காது. வேறு காப்பி இல்லையா?

வந்தவர்: இல்லாமலா? டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது.

கடைக்காரர்: அந்த டி டிரைவ் எங்கே?

வந்தவர்: இதற்குள்ளேதான்.

கடைக்காரர்: வீட்டுக்குள் குறுக்குச் சுவர் வைத்தால் இரண்டு வீடாகுமா சார்? கூரை விழுந்தால் இரண்டு பக்கமும்தான் விழும். கல்யாணத்தில் ட்ரோன் பறந்ததா?

வந்தவர்: (பெருமையாக) நாற்பதாயிரம்!

கடைக்காரர்: தனியாக ஒரு பென்டிரைவ்?

வந்தவர்: அது கடையில் அறுநூறு ரூபாய் சொன்னார்கள். வீண் செலவு என்று விட்டுவிட்டோம்.

(போன் அடிக்கிறது.)

வந்தவர்: தம்பி, அக்கா பையன்தான். ஒரு தடவை ஃபார்மட் அடித்துப் பார்க்கலாமா என்கிறான்.

கடைக்காரர்: அவன் போனை முதலில் அரிசியில் போடச் சொல்லுங்கள்.